ஓடிக்கொண்டிருக்கும் பிளாண்டட் டேங்க்கின் உள்ளே பாறைச் சுவர் வைக்க முடியுமா?

ரஸ்போரா_கோவை

வணக்கம் நண்பர்களே. ஹாலில் மூன்றடி பிளாண்டட் டேங்க், அதாவது செடி வளர்க்கும் மீன்தொட்டி, நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. 90 × 45 × 45 சென்டிமீட்டர், 10 எம்எம் கண்ணாடி, மேலே பிரேஸ் எதுவும் இல்லாத ரிம்லெஸ். அடியில் அக்வாசாயில் என்கிற செடி மண், வெளியே கேனிஸ்டர் ஃபில்டர், சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு. பின்வரிசையில் ரோட்டாலா, நடுவில் கிரிப்டோகோரைன், வேர்க்கட்டை மேல் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். ஹார்லெக்வின் ரஸ்போரா ஒரு கூட்டம், ஹனி கௌராமி ஒரு ஜோடி, எண்ணி மாளாத செர்ரி இறால். தண்ணீர் சிறுவாணி.

டேங்க்கில் குறை ஒன்றும் இல்லை. பின்சுவர்தான் கண்ணை உறுத்துகிறது. அங்கே சுவிட்ச் போர்டு. அதிலிருந்து லைட், ஃபில்டர், டைமர், கார்பன் டை ஆக்சைடைத் திறந்து மூடும் சோலனாய்டு என்று வயர்கள் தொங்குகின்றன. ரோட்டாலா அடர்ந்திருக்கும்போது தெரியாது. வெட்டிவிட்ட வாரம் முழுக்க மீனோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டில் அம்மா, "இவ்வளவு செலவு பண்ணினாயே, பின்னால் ஒரு துணியாவது கட்டக்கூடாதா?" என்கிறார்.

வெளியே கருப்பு ஷீட் ஒட்டலாம் என்பது தெரியும். ஆனால் ஆசை அதுவல்ல. உள்ளேயே பாறை மாதிரி ஒரு சுவர், அதன் இடுக்கில் அனுபியாஸ், மாஸ் என்கிற பாசிச் செடி எல்லாம் பிடித்து வளர வேண்டும். ஆன்லைனில் ஃபோமில் வார்த்த த்ரீ-டி பேக்ரவுண்ட் ஒன்று பார்த்தேன். சராசரி 4 சென்டிமீட்டர் கனம், பின்பக்கம் குடைவாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

தண்ணீரை வடிக்காமல் வைக்க வழி இருக்கிறதா? ஃபோம் மிதந்து மேலே வந்துவிடும் என்கிறார்களே, அவ்வளவு வேகமா? இறால் குஞ்சுகள் பின்னால் போய் மாட்டிக்கொள்ளுமா? அனுபவப்பட்ட அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருப்பு_ஷீட்_கட்சி

சகோ, ஆசைக்குக் குறுக்கே நிற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பிளாண்டட் டேங்க்கில் செடிதான் கதாநாயகன். பின்னால் பாறை முட்டிக்கொண்டு நின்றால் ரோட்டாலாவின் சிவப்பு அதில் கரைந்து காணாமல் போகும். வெளியே மேட் கருப்பு ஃபிலிம் ஒட்டிப் பாருங்கள், பச்சையும் சிவப்பும் தூக்கிக் காட்டும். வெளிர் நிறம் பிடித்தால் ஃப்ராஸ்டட் ஃபிலிம். பின்பக்கக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, ஸ்கேலால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.

நேச்சர் அக்வேரியம் பாணியைக் கொண்டுவந்த தகாஷி அமானோவின் தொட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் வெறும் வெளிச்சம்தான். 2015ல் லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவர் அமைத்தது 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அங்கேயும் வேர்க்கட்டை, எரிமலைக் கல், மணல், செடி, இவ்வளவுதான் சரக்கு.

மற்றபடி உங்கள் டேங்க், உங்கள் இஷ்டம்.

கொளத்தூர்_கண்ணாடி

தம்பி, அளவு, கண்ணாடி கனம், தண்ணீர் எல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நல்லது. பாதிப் பேர் "டேங்க் இருக்கு, பேக்ரவுண்ட் எப்படி ஒட்டுறது" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கொளத்தூரில் டேங்க் ஒட்டுவது என் தொழில். உள்ளே பேக்ரவுண்ட் வைத்துக் கொடுத்ததும் உண்டு, மற்றவர்கள் வைத்தது பெயர்ந்து வந்தபின் பிரித்துச் சரிசெய்ததும் உண்டு. இரண்டாவது வேலைதான் அதிகம் வருகிறது.

மிதப்பை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் டேங்க்கின் உள்நீளம் 88 சென்டிமீட்டர். தண்ணீர் உயரம் 41 என்று வைத்துக்கொள்வோம். பேனலின் சராசரி கனம் 4. மூன்றையும் பெருக்கினால் 14 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. அவ்வளவு தண்ணீரின் இடத்தை அந்தப் பேனல் பிடித்துக்கொள்கிறது. அதன் சொந்த எடை ஒன்றிரண்டு கிலோதான். மிச்சம் 12 கிலோ சுமார் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், ராத்திரி பகல் என்று பார்க்காது. முன்னால் மண்ணைக் குவித்து அழுத்தி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அக்வாசாயில் உருண்டை உருண்டையான லேசான சரக்கு, அது இந்த வேலைக்கு ஆகாது.

சரி, கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசை தாங்காதா என்றால், தாங்கும். 12 கிலோ எல்லாம் நல்ல சிலிக்கானுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கண்ணாடி எண்ணெய்ப் பிசுக்கு, பாசிப் படலம், ஈரம் மூன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். ஓடுகிற டேங்க்கில் இது மூன்றுமே இருக்கும். ஈரக் கண்ணாடியில் சிலிக்கான் பிடிக்கவே பிடிக்காது. ஆக, ஃபோம் பேனல்தான் வேண்டும் என்றால் மீனையும் செடியையும் டப்புக்கு மாற்றி, ஃபில்டரை அங்கே ஓடவிட்டு, டேங்க்கை வடித்து, பின்பக்க மண்ணை அள்ளி, கண்ணாடியை பிளேடால் சுரண்டி, வினிகர் போட்டுத் துடைத்து, காயவைத்து, ஸ்பிரிட் போட்டு இன்னொரு தரம் துடைத்து, ஒட்டி, ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கிளறின அக்வாசாயில் அம்மோனியாவை வேறு கக்கும். இறால் வைத்திருப்பவருக்கு இது வேண்டாத வேலை.

இன்னொரு விஷயம், ஒட்டுகிறவர்கள் எல்லோரும் தவறவிடுவது. பேனலின் முதுகு முழுக்க சிலிக்கானை அப்பி அழுத்துவார்கள். நிறையப் பூசினால் நிறையப் பிடிக்கும் என்று எண்ணம். சிலிக்கான் காற்றில் இருக்கும் ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் ஃபோம், காற்று எந்த வழியாகப் போகும்? ஓரம் காய்ந்து ரப்பராகிவிடும், நடுவில் வாரக்கணக்கில் களிம்பாகவே கிடக்கும். பெயர்ந்து வந்த பேனலைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் விரல் வைத்தால் ஒட்டும், வினிகர் வாடை குப்பென்று அடிக்கும். அதனால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் போட வேண்டும், கோட்டுக்குக் கோடு நாலு விரல் இடைவெளி. அது இறுகின பிறகு சுற்று ஓரத்தை அடைக்க வேண்டும்.

இப்போது அந்தக் குடைவான முதுகு. என் கருத்தில் பிளாண்டட் டேங்க்குக்கு அந்த மாதிரிப் பேனல் லாயக்கில்லை. ஓரத்தை முழுக்க அடைத்தால் உள்ளே காற்று நிற்கும், மிதப்பு இன்னும் கூடும். எங்காவது ஊசி முனை அளவு வழி இருந்தால் தண்ணீர் மெதுவாக உள்ளே போய்விடும், ஆனால் திரும்ப வராது. கழிவு சேர்ந்து, அழுகின முட்டை வாடை வரும். ஓரத்தைத் திறந்து விட்டால் மீன் உள்ளே போகும். கௌராமி போனால் திரும்பத் தெரியாமல் அங்கேயே நிற்கும். இறால் குஞ்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சிக்லிட் மீன் வளர்க்கும் பெரிய டேங்க்கில் இந்தக் குடைவுக்குள் பம்ப், ஹீட்டர் எல்லாம் ஒளித்து, வலை வைத்த ஓட்டை வழியாகத் தண்ணீரை ஓடவிடுவார்கள். அது சரி. உங்களிடம் கேனிஸ்டர் இருக்கிறது, ஒளிக்க எதுவும் இல்லை.

ஆழத்தையும் பாருங்கள். உங்கள் டேங்க்கில் முன்பின் 43 சென்டிமீட்டர்தான். அதில் நாலைந்து போனால் பின்வரிசை முழுக்க நடுவரிசைக்கு வந்துவிடும். மேலே துருத்திய பாறையின் நிழல் ரோட்டாலா மேல் விழுந்தால் அடியிலை உதிர்ந்து தண்டு மொட்டையாக நிற்கும்.

நான் சொல்லும் வழி இது. டேங்க்கின் கண்ணாடியில் எதையும் ஒட்டாதீர்கள். 5 எம்எம் கண்ணாடியில் பின்பக்க அளவுக்குத் தனி ஷீட் வெட்டி வாங்குங்கள். அதன் மேல் கல்லோ, நாட்டு ஓட்டுத் துண்டோ டேங்க்குக்கு வெளியே, மேசை மேல் வைத்தே ஒட்டுங்கள். காய்ந்து, ஊறி, சுத்தமான பிறகு தண்ணீரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நிறுத்திவிடலாம். கண்ணாடி, ஓடு இரண்டுமே தண்ணீரில் மூழ்குகிற சாமான், மிதப்பு என்கிற பேச்சே கிடையாது. கனமும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டரில் முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் தூக்கி வெளியே வைத்துவிடலாம். ஃபிலிமை உரிக்கலாம் என்று மேலே நண்பர் சொன்னாரே, இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான், கொஞ்சம் கனம்.

மலைக்கோட்டை_பாசி

கொளத்தூர் அண்ணா சொன்ன கண்ணாடி ஷீட் முறையில்தான் என் இரண்டரை அடி டேங்க்கில் சுவர் வைத்திருக்கிறேன். அவர் கண்ணாடியைச் சொல்லிவிட்டார், நான் செடியைச் சொல்கிறேன் தம்பி.

சுவரில் வளர்க்க மண் தேவைப்படாத செடிகள்தான் வேண்டும். அனுபியாஸ் நானா, அதிலும் பெட்டீட் என்கிற சின்ன ரகம், ஜாவா ஃபெர்ன், புசெஃபலாண்ட்ரா, மாஸ் வகைகள். இவை எல்லாம் தண்ணீரில் இருந்தே சத்தை எடுத்துக்கொள்ளும். அனுபியாஸுக்கும் ஃபெர்னுக்கும் ரைசோம் என்கிற கிடைத்தண்டு வெளியே இருக்க வேண்டும், இடுக்கில் திணித்து மூடினால் அழுகும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகுயிக் மாதிரியான பசை போதும், ஜெல் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் பட்டதும் வெள்ளையாக இறுகும், அந்த வெள்ளை சில வாரத்தில் பாசி படிந்து மறைந்துவிடும். ஆனால் ஒன்று, தெர்மகோல் மேல் நேராக ஊற்றினால் தெர்மகோல் கரைந்து குழியாகிவிடும். யாராவது தெர்மகோல் சுவர் செய்வதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் மேல் அந்தக் கவலை இல்லை. நாட்டு ஓடு சொரசொரப்பாக இருப்பதால் வேர் தானாகவே பற்றிக்கொள்கிறது. என் டேங்க்கில் ஒரு ஃபெர்ன் இலையின் நுனியில் வந்த குட்டிச் செடி உதிர்ந்து, மிதந்து போய், இரண்டு ஓட்டுக்கு நடுவில் சிக்கி, அங்கேயே வேர்விட்டு நிற்கிறது. நான் வைத்திருந்தால் அந்த இடம் எனக்குத் தோன்றியே இருக்காது.

மேலே லைட்டுக்குப் பக்கத்தில் அனுபியாஸ் வைக்காதீர்கள். மெதுவாக வளரும் இலை என்பதால் பச்சைப் புள்ளிப் பாசி அப்பிக்கொள்ளும். மேல் மூன்றில் ஒரு பங்கில் மாஸ், ஃபெர்ன். அனுபியாஸும் புசெஃபலாண்ட்ராவும் நிழல் விழும் கீழ்ப்பகுதியில். கிறிஸ்துமஸ் மாஸ் என்றால் அடுக்கடுக்காகக் கீழ்நோக்கித் தொங்கும், சுவருக்கு அழகு. ஜாவா மாஸ் எங்கும் வரும், ஆனால் காடாகிவிடும். மாதம் ஒருமுறை கத்தரிக்காவிட்டால் உள்பக்கம் வெளிச்சமே போகாமல் பழுத்து மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

சுவர் வைத்த பிறகு ஃபில்டர் பைப்பை எங்கே மாட்டுவது என்பதை இப்போதே யோசியுங்கள். பின்பக்கக் கண்ணாடியில் இருந்தால் சக்ஷன் கப் ஓட்டின் மேல் நிற்காது. நான் இரண்டு பைப்பையும் இடது பக்கக் கண்ணாடிக்கு மாற்றிவிட்டேன். தண்ணீர் சுவரை ஒட்டியே ஓடிப்போய் எதிர்ப்பக்கம் திரும்பி வருகிறது. இடுக்கில் குப்பை தங்குவது குறைவு.

ஒரே குறை, கண்ணாடியைச் சுரண்டுகிற மாதிரி இந்தச் சுவரைச் சுரண்ட முடியாது. கருந்தாடிப் பாசி வந்து ஒட்டிவிட்டால் பல் துலக்கும் பிரஷ் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நெரைட் நத்தை நாலைந்து விட்டால் புள்ளிப் பாசியைக் கவனித்துக்கொள்ளும். தாடிப் பாசியை அது தொடாது.

ரஸ்போரா_கோவை

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஃபோம் பேனல் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. கண்ணாடி ஷீட் முறை மனசுக்குப் பிடித்துவிட்டது.

இப்போது வேறு இரண்டு சந்தேகம். எங்கள் வீட்டு மாடியில் கடப்பா கல் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன, அலமாரி கட்டினபோது மிஞ்சியது. கருப்பாக, பட்டை பட்டையாக, பார்க்க அசல் பாறைதான். அதை உடைத்து ஒட்டலாமா? இல்லையென்றால் கட்டட வேலை பார்க்கும் மாமா ஒருவர், "தெர்மகோலைச் செதுக்கிக் கொடு, நான் சிமென்ட் பூசி, கருப்பு ஆக்சைடு போட்டுப் பாறையாக்கித் தருகிறேன்" என்கிறார். அதையும் கண்ணாடி ஷீட் மேல் ஒட்டினால் நிற்குமா?

கொளத்தூர்_கண்ணாடி

கடப்பா வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் ஜாதி. பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்துக்கொண்டு பொங்கும். மலாவி, டாங்கனிக்கா ஏரி மீன் வளர்ப்பவர்கள் சந்தோஷமாக வைத்துக்கொள்ளலாம், அந்த மீன்களுக்குக் கடினத் தண்ணீர்தான் வேண்டும். உங்களுடையது நேர் எதிர். சிறுவாணி மெது தண்ணீர், அதற்குள் கார்பன் டை ஆக்சைடு வேறு விடுகிறீர்கள். அது தண்ணீரில் லேசான அமிலமாகி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். கடினத்தன்மை ஏறும், பிஹெச் ஏறும், அக்வாசாயில் அதை இழுத்துப் பிடிக்கப் பார்த்து, தன் சக்தி தீர்ந்து சீக்கிரமே வெறும் மண்ணாகிவிடும். மெது தண்ணீருக்குப் பழகின ரஸ்போராவுக்கும் அது நல்லதில்லை.

மாமா சொல்கிற சிமென்ட் வேலை முடியாதது அல்ல, நன்றாகவே வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓரங்குல தெர்மகோல் உங்கள் அளவுக்கு ஒன்பது லிட்டர், ஒன்பது கிலோ மேலே தள்ளும். 5 எம்எம் கண்ணாடி ஷீட் தண்ணீருக்குள் மூன்று கிலோகூட எடை காட்டாது. சிமென்ட் பூச்சு அரை சென்டிமீட்டர் போட்டால் அது ஒரு இரண்டு கிலோ. கூட்டிக் கழித்தால் ஷீட்டோடு சேர்ந்து மிதக்கும். அப்புறம் டேங்க்கில் சிலிக்கான் போட்டுத்தான் பிடிக்க வேண்டும், முதல் கதைக்கே திரும்பிவிட்டோம்.

புது டேங்க் போடுகிற யாராவது இதைப் படித்து சிமென்ட் சுவர் செய்வதாக இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் பூச்சு தோசை மாவு பதத்தில் நீர்க்க இருக்க வேண்டும், கெட்டியாகப் போட்டால் தெர்மகோலில் பிடிக்காமல் தகடாக உரியும். அது இறுகின பிறகு இரண்டாவது, மூன்றாவது. நிறத்துக்குத் தரைக்குப் போடும் ஆக்சைடு பவுடர் போதும், தின்னர் கலந்த பெயின்ட் தெர்மகோலைத் தின்றுவிடும். வீட்டுத் தளத்துக்குத் தண்ணீர் விடுவது போலவே ஒரு வாரம் நனைத்து க்யூரிங் செய்யுங்கள். அதற்கும் பிறகுதான் முக்கிய வேலை. டேங்க்கில் தண்ணீர் நிரப்பி, வடித்து, நிரப்பி, வடித்து, சுண்ணாம்பு கக்குவது நிற்கும்வரை ஊறவிட வேண்டும். புது சிமென்ட் பட்ட தண்ணீரின் பிஹெச் பத்துக்கு மேல் போகும், இறால் ஒரு நாள் தாங்காது. எப்போது போதும் என்று கேட்டால், இரண்டு நாள் நின்ற தண்ணீரின் பிஹெச்சும் குழாய்த் தண்ணீரின் பிஹெச்சும் ஒன்றாக இருக்கும்போது. சென்னை போர் தண்ணீர் மாதிரி கடினமாக இருந்தால் கொஞ்சம் ஈடுகொடுக்கும். சிறுவாணிக்குப் பிடித்து நிறுத்தும் சரக்கு கிடையாது, சட்டென்று ஏறிவிடும்.

உங்களுக்கு நாட்டு ஓடுதான் சரி தம்பி. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். கூரையின் முகட்டில் இருந்த ஓட்டில் சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். சமையற்கட்டு மேல் இருந்த ஓடு புகையும் எண்ணெயும் குடித்திருக்கும், அதுவும் வேண்டாம். மீதியை உடைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வெயிலில் எலும்பு காயக் காயவைத்து ஒட்டுங்கள். கை விரல் நீளத் துண்டுகளாக, உடைந்த முனை முன்னால் தெரிகிற மாதிரி கிடைவாக்கில் அடுக்கினால் பாறைப் படிவு போலவே வரும். அங்கங்கே ஒரு துண்டை மட்டும் இரண்டு விரல் வெளியே நீட்டிவிடுங்கள், செடிக்குத் திண்ணை.

நாஞ்சில்_சக்கர்

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது செடி அதிகம் இல்லாத நாலடி டேங்க். ஃபோம் பேக்ரவுண்ட் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது, கழன்று வரவில்லை. ஆனால் அங்கங்கே மேல் பூச்சு போய் மஞ்சள் ஃபோம் தெரிகிறது, தண்ணீரில் துகள் மிதக்கிறது. பழைய சரக்கு என்பதால் மக்குகிறதா?

கொளத்தூர்_கண்ணாடி

உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது ஐயா. சக்கர் மீன் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அது பாசியை மட்டும் தின்பதில்லை, உறிஞ்சி உறிஞ்சித் தேய்க்கும். பூச்சு போய் ஃபோம் தெரிந்த இடத்தில் இன்னும் சுலபமாகச் சுரண்டும். சக்கரை மாற்றினால் நின்றுவிடும். மாற்றுவது என்றால் கடையிலோ தெரிந்தவரிடமோ கொடுங்கள், தயவுசெய்து குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள். ஏற்கெனவே தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகிக் கிடக்கிறது, வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ரஸ்போரா_கோவை

அண்ணா, ஓடு சேகரித்துவிட்டேன். கண்ணாடிக் கடைக்குப் போகப் போகிறேன். என்ன அளவு சொல்ல வேண்டும்? அப்புறம், இவ்வளவு ஓடு ஒட்டின ஷீட் முன்பக்கம் கனமாக இருக்குமே, சாய்ந்து விழாதா?

கொளத்தூர்_கண்ணாடி

விழும், அதனால்தான் நேராக நிறுத்தக் கூடாது. வரிசையாகச் சொல்கிறேன்.

உள்நீளத்தை அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், கண்ணாடித் தொட்டி மூலைக்கு மூலை ஒரே அளவாக இருக்காது. மூலையில் பிதுங்கி நிற்கும் சிலிக்கானையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிடைத்ததில் சிறிய அளவை எடுத்து, அதில் 5 எம்எம் குறைத்துச் சொல்லுங்கள். ஒரே ஷீட்டாக வேண்டாம், நடுவில் பாதியாக வெட்டி இரண்டாக வாங்குங்கள். முழு ஷீட் ஓட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது, ஈரக் கையோடு அதைச் செடி மேல் படாமல் இறக்குவது லேசான காரியம் இல்லை. பாதி என்றால் ஒருவரே இறக்கலாம். உயரம் 43 சொல்லுங்கள், தண்ணீரை 41ல் நிறுத்துங்கள். ஷீட்டின் மேல்முனை தண்ணீருக்கு வெளியே இருந்தால்தான் மீன் தாண்டிப் பின்னால் போகாது. நாலு முனையும் கிரைண்டிங் போட்டுத் தரச் சொல்லுங்கள், கிரைண்டிங் போடாத முனை கையை அறுக்கும்.

சிலிக்கான் வாங்கும்போது ஃபங்கஸ் பிடிக்காது என்று போட்டிருக்கும் பாத்ரூம் வகையை எடுக்காதீர்கள், அந்த மருந்து இறாலுக்கு ஆகாது. அக்வேரியத்துக்கு என்று போட்டிருக்கும் வினிகர் வாடை வகை, கருப்பு நிறம். கருப்பு என்றால் ஓட்டுக்கு நடுவில் தெரிந்தாலும் நிழல் மாதிரி இருக்கும். இடுக்கில் பிதுங்கியது ஈரமாக இருக்கும்போதே ஓட்டுத் தூளைத் தூவி விரலால் அழுத்திவிடுங்கள். இரண்டு ஷீட் சேரும் இடத்தில் ஒரு பக்கத்து ஓடு அடுத்த ஷீட் மேல் ஒரு விரல் ஏறி நிற்கிற மாதிரி விட்டுவிட்டால் கோடு தெரியாது. அந்தத் துண்டை இந்தப் பக்கம் மட்டும்தான் ஒட்ட வேண்டும், இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் வெட்டியதற்கே அர்த்தமில்லை.

வாடை முழுக்கப் போகும்வரை விடுங்கள், ஒரு வாரம் ஆகும். பிறகு ஒரு டப்பில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் மூழ்கவிட்டு, அந்தத் தண்ணீரில் இரண்டு இறாலைத் தனியாக விட்டுப் பார்த்தால் மனசு நிம்மதி. தூக்கும்போது எப்போதும் நிமிர்த்தியே தூக்குங்கள். கண்ணாடியைப் படுக்கைவாக்கில் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் உடையும்.

இறக்குவதற்கு முன் பின்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு மண்ணை அடிக்கண்ணாடி தெரிகிறவரை ஒதுக்கிவிடுங்கள். அங்கே இருக்கும் ரோட்டாலாவை வெட்டிக் கொத்தாக எடுத்துவைத்து, பிறகு முன்னால் நட்டுக்கொள்ளலாம். ஷீட்டின் அடிமுனையைப் பின்கண்ணாடியில் இருந்து நாலு சென்டிமீட்டர் முன்னால் வைத்து, தலையை மட்டும் பின்னால் சாய்த்துவிடுங்கள். அப்போது கனம் பின்கண்ணாடி மேல் சாயும், முன்னால் வராது. பின்னால் இருக்கும் இடைவெளியின் இரண்டு பக்கத்திலும் கருப்பு ஃபில்டர் ஸ்பான்ஜை முக்கோணமாக வெட்டிச் செருகுங்கள், மேலே தலை சாயும் இடத்திலும் ஒரு மெல்லிய பட்டை. நடு மூட்டின் முதுகிலும் ஒரு பட்டை வைத்துவிடுங்கள். தண்ணீர் போய் வரும், இறால் குஞ்சு போகாது. கடைசியாக ஒதுக்கின மண்ணை அடிமுனைக்கு முன்னும் பின்னும் நிரப்பினால் கால் அசையாது.

அன்றைக்குப் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், மறுநாளும். மண் கிளறியிருக்கிறது, அம்மோனியா டெஸ்ட் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுச் செடி ஒட்டுகிற வேலையை ஆரம்பிக்கலாம். பைப்பை இடது பக்கம் மாற்றச் சொன்னாரே அந்த அம்மா, அதை ஷீட் இறக்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு என்றால் கை போகாது.